நிலத்தின் புலப்படத்தைத் தெளிவு குறையாமல் பகிர்வது எப்படி?

தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறை மாவட்டங்களில் உள்ள நம் ஊர்களில் குடும்பச் சொத்தைப் பாகம் பிரிக்கும்போதும், பள்ளிவாசலுக்குச் சொந்தமான வயலின் எல்லை பற்றிப் பேச்சு எழும்போதும் முதலில் தேடப்படுவது புலப்படம். வாரிசுகளில் ஒருவர் துபாயிலும், ஒருவர் மலேசியாவிலும், ஒருவர் சென்னையிலும் இருப்பார்கள். அதனால் அந்தப் படம் வாட்ஸ்அப்பில்தான் சுற்றுகிறது. நாலைந்து கை மாறியதும் எண்கள் மங்கிவிடுகின்றன. அதைத் தெளிவாக்குவதாக நினைத்து ஒருவர் கைபேசிச் செயலியில் ஏற்றுகிறார். அதன் பிறகு படத்தில் இருப்பது சர்வேயர் எழுதிய அளவா, செயலி ஊகித்த அளவா என்பது யாருக்கும் தெரிவதில்லை.

வக்ஃபு சொத்துகளுக்கும் இதே நிலைதான். மத்திய அரசு 2025 ஜூன் 6 அன்று 'உமீத்' இணையதளத்தைத் தொடங்கி, வக்ஃபு சொத்து விவரங்களைப் பதிவேற்ற ஆறு மாத அவகாசம் தந்தது. ஆவணங்களைப் படிக்கக்கூடிய மின்நகலாக வைத்திருக்க வேண்டிய தேவை ஒவ்வொரு ஜமாஅத் நிர்வாகத்துக்கும் வந்தது. நிலப்படத்தை எப்படிப் பாதுகாப்பது, எப்படித் தெளிவாக அனுப்புவது என்பதை இங்கே பார்ப்போம்.

புலப்படத்தில் இருப்பவை

மாவட்டம், வட்டம், கிராமம், புல எண், உட்பிரிவு எண், பரப்பு, அளவுத்திட்டம், பக்கத்துப் புல எண்கள் ஆகியவை புலப்படத்தில் இருக்கும். ஒவ்வொரு எல்லைக் கோட்டின் மேலும் அதன் நீளம் சிறிய எழுத்தில் எழுதப்பட்டிருக்கும். இப்போதைய படங்களில் அளவு மீட்டரில் இருக்கும். பழைய நகல்களில் லிங்க்ஸ் என்ற அளவைக் காணலாம். 100 லிங்க்ஸ் என்பது 66 அடி, அதாவது சுமார் 20.12 மீட்டர். எந்த அளவில் எழுதப்பட்டது என்று தெரியாமல் எண்ணை மட்டும் வைத்துப் பேசினால் குழப்பம்தான் மிஞ்சும்.

ஒரு எண் மங்கினால் என்ன ஆகும்? 20 மீட்டர் அகலமுள்ள ஒரு செவ்வக மனையின் நீளம் 38.4 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மங்கிய படத்தில் 8 என்பது 3 போலத் தெரிந்து 33.4 என்று படித்தால் 100 சதுர மீட்டர் காணாமல் போகிறது. அது ஒரு ஏர், ஏறத்தாழ இரண்டரை சென்ட். அண்ணன் தம்பிக்குள் மனக்கசப்பு உண்டாக இது போதும்.

டெல்டாவில் இன்னொரு சிக்கலும் உண்டு. இங்கே வயல்களுக்கு இடையே வாய்க்கால்கள் ஓடுகின்றன. படத்தில் மெல்லிய கோடுகளாக இருக்கும் வாய்க்கால்தான் தரம் குறையும்போது முதலில் மறையும். வாய்க்கால் மறைந்த படத்தைப் பார்ப்பவர் இரண்டு வயலையும் ஒன்றாக எண்ணிவிடுவார்.

படம் மங்குவது ஏன்?

வாட்ஸ்அப்பில் புகைப்படமாக அனுப்பும் எதுவும் சுருக்கப்படுகிறது. 2023-இல் வந்த எச்.டி. வசதி தரத்தைக் கூட்டினாலும் அசலை அப்படியே அனுப்புவதில்லை. வந்த படத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பினால் தரம் இன்னும் குறையும்.

ஜேபெக் வகைக் கோப்பு மனித முகம், இயற்கைக் காட்சி போன்ற புகைப்படங்களுக்காக உருவானது. வெள்ளைத் தாளில் கறுப்புக் கோடும் எண்ணும் இருக்கும் படத்தை அதிகம் சுருக்கினால் கோடுகளின் ஓரத்தில் அழுக்குப் படிந்ததுபோல் ஆகிவிடும். கோட்டுப் படங்களுக்கு பி.என்.ஜி. வகை பொருத்தமானது. அதில் சேமிக்கும்போது விவரம் இழக்கப்படுவதில்லை.

அசலிலிருந்து தொடங்குங்கள்

மங்கிய படத்தைச் சரிசெய்வதைவிட நல்ல படத்தைப் புதிதாக எடுப்பதே எளிது. தமிழக அரசின் இணையவழி நிலச் சேவைத் தளத்தில் பட்டா, சிட்டா, அ-பதிவேடு ஆகியவற்றுடன் புலப்படத்தையும் பார்த்து பி.டி.எஃப். கோப்பாக இறக்கிக்கொள்ளலாம். நகரப் பகுதி நிலங்களுக்கு நகர நில அளவைப் பதிவேட்டைப் பார்க்க வேண்டும்.

இறக்கிய கோப்பை 400 சதவீதம் பெரிதாக்கிப் பாருங்கள். கோடுகள் கூர்மையாகவே இருந்தால் எவ்வளவு பெரிதாக்கினாலும் தரம் குறையாது. அந்தக் கோப்பையே அனுப்புங்கள், படமாக மாற்ற வேண்டாம். கோடுகள் கட்டம் கட்டமாக உடைந்தால் அது ஸ்கேன் செய்யப்பட்ட படம்.

படமாகத்தான் வேண்டும் என்றால் 300 டி.பி.ஐ. தரத்தில் பி.என்.ஜி.யாக மாற்றுங்கள். ஏ4 தாளுக்கு அது 2480 × 3508 பிக்சல் வரும். 150 டி.பி.ஐ.யில் பாதியாகிவிடும், சிறிய எண்கள் தெளியாது.

வீட்டில் உள்ள பழைய காகிதப் படம்

மடித்து வைத்த பழைய நகலைக் கைபேசியில் எடுப்பதைவிட ஜெராக்ஸ் கடையில் வண்ண ஸ்கேன் செய்வது நல்லது. 300 டி.பி.ஐ. போதும். எழுத்து மிகச் சிறியதாக இருந்தால் 600 வைக்கச் சொல்லுங்கள். கறுப்பு வெள்ளை ஃபில்டர் வேண்டாம். மங்கிய பென்சில் குறிப்பும் முத்திரையும் அதில் அழிந்துவிடும்.

கைபேசியில்தான் எடுக்க வேண்டும் என்றால் தாளைச் சமமான மேசையில் விரித்து, நிழலான பகல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல், நேர் மேலிருந்து எடுங்கள். நான்கு மூலையும் தெரிய வேண்டும். பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்து எடுத்தால் பின்னர் அளவை ஒப்பிடலாம். பெரிய கிராம வரைபடம் என்றால் ஒன்றன்மேல் ஒன்று சற்றுப் படியுமாறு பகுதி பகுதியாக எடுத்து, ஒவ்வொரு பகுதியையும் தனியாகவும் சேமியுங்கள்.

வாட்டர்மார்க்கை அழிக்கலாமா?

வேண்டாம். அரசு ஆவணத்தின் பின்னணியில் உள்ள முத்திரை, குறிப்பு எண், கியூ.ஆர். குறியீடு ஆகியவை அந்த நகல் எங்கிருந்து வந்தது என்பதற்கான அடையாளம். அவற்றை வைத்துத்தான் பெறுபவர் அரசுத் தளத்தில் சரிபார்க்க முடியும். அழித்துவிட்டால் உண்மையான நகலும் சந்தேகத்துக்கு உரியதாகிவிடும். வாட்டர்மார்க் நீக்கும் செயலிகள் அதன் கீழே இருந்த கோட்டையும் எண்ணையும் மீட்டுத் தருவதில்லை. அந்த இடத்தை ஊகித்து நிரப்புகின்றன.

முத்திரை ஒரு எண்ணை மறைத்தால் புதிய நகல் எடுத்துப் பாருங்கள். அப்போதும் தெரியவில்லை என்றால் வட்டாட்சியர் அலுவலக நில அளவைப் பிரிவில் சான்றிட்ட நகலுக்கு விண்ணப்பியுங்கள்.

ஜமாஅத் சார்பில் பகிரும்போது சொந்த வாட்டர்மார்க் போட விரும்பினால் மங்கலாக, காலி இடத்தில் போடுங்கள். ஜமாஅத் பெயர், தேதி, 'தகவலுக்கு மட்டும்' என்ற மூன்றும் போதும். எண்ணின் மேலும் எல்லைக் கோட்டின் மேலும் படக்கூடாது. வாட்டர்மார்க் இல்லாத அசல் நிர்வாகத்திடம் தனியாக இருக்க வேண்டும்.

செய்யத்தக்கவையும் தகாதவையும்

நகலில் மட்டும் திருத்துங்கள். சாய்ந்த படத்தை நேராக்கலாம், மேசை ஓரத்தை வெட்டலாம், வெளிச்சத்தையும் கறுப்பின் அழுத்தத்தையும் கூட்டலாம். வடக்குக் குறி, புல எண், கிராமப் பெயர், அளவுத்திட்டம், பக்கத்துப் புல எண்கள் இவற்றை வெட்டிவிடாதீர்கள்.

செயற்கை நுண்ணறிவால் படத்தைப் பெரிதாக்கும் செயலிகளை நிலப்படத்தில் பயன்படுத்த வேண்டாம். மங்கிய 3-ஐ அழகான 8 ஆக அவை எழுதித் தரக்கூடும். மங்கிய எண்ணைப் பார்ப்பவர் சந்தேகப்பட்டுக் கேட்பார். தெளிவாக எழுதப்பட்ட தவறான எண்ணை யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள்.

அச்செடுக்கும்போது 'தாளுக்கு ஏற்பப் பொருத்து' என்பதைத் தவிர்த்து 100 சதவீதம் என்று வையுங்கள். 1:2000 அளவுப் படத்தில் 1 செ.மீ. என்பது 20 மீட்டர். தாளுக்கு ஏற்பச் சுருக்கினால் இந்தக் கணக்கு பொய்யாகிவிடும். கைபேசித் திரையில் ஸ்கேல் வைத்து அளப்பதும் பயன் தராது, எழுதியுள்ள எண்ணையே பாருங்கள்.

அனுப்பும் முறை

வாட்ஸ்அப்பில் இணைப்புக் குறியைத் தொட்டு, 'கேலரி'க்குப் பதிலாக 'ஆவணம்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். 2 ஜி.பி. வரை கோப்பு மாறாமல் போகும். கைபேசியில் எடுத்த படத்தை இப்படி அனுப்பினால் எடுத்த இடத்தின் இருப்பிடத் தகவலும் சேர்ந்து போகலாம் என்பதை நினைவில் கொள்ளுங்கள். கோப்புக்கு ஊர், புல எண், இறக்கிய தேதி என்று பெயரிடுங்கள். பட்டாவில் குடும்பத்தாரின் பெயர்கள் இருப்பதால் பொதுக் குழுக்களில் போடாமல் உரியவர்களுக்கு மட்டும் அனுப்புங்கள்.

புலப்படம் எல்லையையும் அளவையும் காட்டும். உரிமைக்குப் பத்திரமும் பட்டாவும் வேண்டும். தகராறு என்று வந்தால் முறைப்படி விண்ணப்பித்து சர்வேயரைக் கொண்டு அளப்பதே வழி.

பிறர் நிலத்தில் ஒரு சாண் அளவை அநியாயமாக எடுப்பது பற்றி நபி (ஸல்) அவர்கள் செய்த கடுமையான எச்சரிக்கை புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ளது. வாரிசுகளின் பங்கும் வக்ஃபு நிலமும் நம்மிடம் உள்ள அமானிதம். அந்த நிலத்தின் படத்தில் ஒரு எண்ணும் மாறாமல் அடுத்தவரிடம் சேர்ப்பதும் அந்த அமானிதத்தில் சேர்ந்ததே. அல்லாஹ் நம் அனைவருக்கும் அதற்கு உதவி செய்வானாக.