பொத்துவில் வரை ஒரே முத்திரை

இரயில் பாதை பொத்துவிலுக்கு வந்ததில்லை. கிழக்கே மட்டக்களப்போடும், மலைநாட்டில் பதுளையோடும் அது நின்றுவிட்டது. கொழும்பிலிருந்து இரத்தினபுரி, வெல்லவாய, மொனராகலை, சியம்பலாண்டுவ வழியாக வரும் நெடுஞ்சாலை பொத்துவிலிலே கடலைக் கண்டு வடக்கே திரும்புகிறது. அக்கரைப்பற்றையும் கல்முனையையும் தொட்டுக்கொண்டு மட்டக்களப்பை அடைகிறது. அந்தத் திருப்பத்தில் இருக்கும் ஊருக்குத் தலைநகர் வெகு தூரம். பெரிய ஆஸ்பத்திரியைத் தேடியும், கந்தோர்க் காரியங்களுக்காகவும் இவ்வூர் மக்கள்தான் தலைநகருக்குப் போகவேண்டும். தலைநகர் அவர்களைத் தேடி வருவதில்லை. ஆயினும் ஒன்று மட்டும் தேடி வந்தது. அது தபால். கொழும்புக் கோட்டையில் ஒரு தெருவிலிருந்து மறு தெருவுக்குப் போகும் சாதாரணக் கடிதத்துக்கு என்ன முத்திரையோ, அதே முத்திரைதான் கோட்டையிலிருந்து பொத்துவிலுக்கும் அதற்கப்பால் பாணமைக்கும் போகும் கடிதத்துக்கும்.

இந்தச் சமத்துவம் தானாகவே அமைந்துவிட்டதென்று நாம் எண்ணிப் பழகிவிட்டோம். அது சரித்திரத்தில் ஒரு காலத்திற் பிறந்தது. ஆகவே மற்றொரு காலத்தில் அழிக்கப்படவும் கூடும். தபால் ஊழியரின் வேலைநிறுத்தங்களைப் பற்றிப் பேசுவோர் சம்பளத்தையும் மேலதிக நேரக் கொடுப்பனவையும் பற்றியே பேசுகின்றனர். அவையும் பேசவேண்டியவைதாம். ஆனால் அவற்றுக்கு அடியில் இந்த ஒரே முத்திரையின் கேள்வியும் கிடக்கிறது என்பதே நாம் இங்கு கூற விரும்புவது.

1840ஆம் ஆண்டுக்கு முன்னர் இங்கிலாந்திலே கடிதத்தின் கட்டணம் தூரத்துக்குத் தக்கபடி ஏறியது. பெரும்பாலும் பெறுபவரே அதைச் செலுத்த வேண்டியிருந்தது. பணமில்லாதவர் தமக்கு வந்த கடிதத்தைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுக்க நேர்ந்த காலம் அது. றோலண்ட் ஹில் என்பவர் கணக்கிட்டுப் பார்த்தார். இலண்டனிலிருந்து எடின்பரோவுக்கு ஒரு கடிதத்தைக் கொண்டுசெல்லும் செலவு, ஒரு பென்னியின் முப்பத்தாறில் ஒரு பங்குதான் என்று கண்டார். இதன் பொருள் என்ன? செலவு தூரத்தில் இல்லை. கடிதத்தை வாங்கி, பிரித்து, கட்டி, வீட்டு வாசலுக்குக் கொண்டுசேர்க்கும் மனித உழைப்பிலேதான் இருக்கிறது. அரை அவுன்ஸ் கடிதத்துக்கு எங்கும் ஒரு பென்னி என்ற விதி இந்தக் கணக்கிலிருந்தே பிறந்தது.

இலங்கைக்கு முத்திரை வந்தது 1857 ஏப்ரல் 1ஆந் திகதி. விக்டோரியா மகாராணியின் தலை பொறித்த அந்த முதல் ஆறு பென்னி முத்திரை, இங்கிலாந்துக்குச் செல்லும் அரை அவுன்ஸ் கடிதத்துக்கென வெளியிடப்பட்டது. அது கோப்பித் தோட்டங்களின் காலம். துரைமாரும் வியாபாரக் கம்பனிகளும் தங்கள் வரவு செலவை இலண்டனுக்கு எழுத வேண்டியிருந்தது. குடியானவனை நினைத்து அந்தத் தபாலை ஏற்படுத்தினார்கள் என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

துரைமாரின் தபாலைக் குடிமக்களின் தபாலாக ஆக்கியவர் யார்? காட்டுப் பாதையிற் பையைச் சுமந்து ஓடிய ஓட்டக்காரர்கள். சைக்கிளிலும் கால்நடையாகவும் வீடு வீடாகச் சென்ற தபாற்காரர்கள். சிறிய கொடுப்பனவை நம்பிக் கிராமத்தில் உப தபாலகம் நடத்திய ஆண்களும் பெண்களும். இன்று 650க்கு மேற்பட்ட தபாலகங்களும், ஏறத்தாழ 3,400 உப தபாலகங்களும் இந்தத் தீவெங்கும் பரவிக் கிடக்கின்றன. பரீட்சை அனுமதி அட்டையும், ஆசிரியர் நியமனக் கடிதமும், வழக்கின் அழைப்பாணையும், விவசாயியின் ஓய்வூதியமும் இந்த வலைப்பின்னல் வழியாகவே கிழக்குக் கரைக்கு வந்தன. 1970களின் பிற்பகுதி முதல் மத்திய கிழக்குக்கு வீட்டுப் பணி செய்யப் போன தாய்மாரின் கடிதங்களும் இதே வழியாகத்தான் வந்து, கல்முனையிலும் சாய்ந்தமருதிலும் பொத்துவிலிலும் பிள்ளைகளின் கைகளைச் சேர்ந்தன.

இத்தகைய சேவையை நடத்தும் ஊழியர்களுக்கு உரிமைகள் எளிதிற் கிடைத்தனவா? இல்லை. 1946ஆம் ஆண்டு ஜூலை 11ஆந் திகதி இந்தியாவில் தபால் ஊழியர் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். கடிதமின்றித் தவித்த மக்கள் அவர்களைத் தூற்றவில்லை. ஜூலை 29ஆந் திகதி கல்கத்தா நகரம் முழுவதும் அவர்களுக்காக வேலையை நிறுத்தியது. மறு ஆண்டு மே, ஜூன் மாதங்களில் இலங்கையில் அரசாங்க ஊழியரும் தொழிலாளரும் வேலைநிறுத்தம் செய்தனர். அரசாங்க ஊழியருக்குத் தொழிற்சங்க உரிமை வேண்டும் என்பதே அதன் உயிர்க் கோரிக்கை. 1947 ஜூன் 5ஆந் திகதி கொழும்பில் ஊர்வலத்தின்மேற் பொலிஸார் சுட்டனர். கந்தசாமி என்ற அரசாங்க இலிகிதர் உயிரிழந்தார். சிங்களத் தோழர்களோடு தோளொட்டி நடந்த தமிழர் அவர்.

அந்த வேலைநிறுத்தத்தை அடக்க அதே ஜூன் மாதத்தில் ஒரு சட்டம் பிறந்தது. 1947ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கப் பொதுசனப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் என்பது அதன் பெயர். வாசகர்கள் இந்தப் பெயரை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். பிற்காலத்தில் இந்நாட்டில் அவசரகால நிலை பிரகடனஞ் செய்யப்பட்டபோதெல்லாம் ஆயுதமாகப் பயன்பட்டது இதுவே.

பதினான்கு ஆண்டுகள் கழிந்தன. 1956இல் நிறைவேறிய தனிச் சிங்களச் சட்டத்தை எதிர்த்து, 1961 பெப்ரவரியில் தமிழரசுக் கட்சி வடக்கிலும் கிழக்கிலும் கச்சேரிகளின் முன் சத்தியாக்கிரகம் தொடங்கியது. பொத்துவில் அப்போது மட்டக்களப்பு மாவட்டத்தின் தென்கோடி. அம்பாறை தனி மாவட்டமானது அதே ஆண்டில்தான். ஏப்ரல் 14ஆந் திகதி செல்வநாயகம் யாழ்ப்பாணத்தில் தமிழரசுத் தபாற் சேவையைத் தொடக்கி, முத்திரைகளை விற்றார். எத்தனையோ சட்டங்கள் இருக்கத் தபாற் சட்டத்தை மீற அவர் துணிந்தது ஏன்? குடிமகனின் கையில் நாள்தோறும் வந்து விழும் அரசாங்கத்தின் முகம் முத்திரைதான். அந்த முகம் தன் மொழி பேசவேண்டுமென்று கேட்பது அவனது உரிமை. ஆட்சியாளருக்கும் இது விளங்கியது. மூன்று நாட்களுள் அவசரகால நிலை வந்தது. தலைவர்கள் காவலில் வைக்கப்பட்டனர். வேலைநிறுத்தக்காரருக்கெனச் செய்த விலங்கு சத்தியாக்கிரகிகளின் கைக்கும் அளவாகப் பொருந்திற்று. ஒரு தொழிலாளியை அடக்கச் செய்யும் சட்டம் அவனோடு நிற்பதில்லை என்ற பாடத்தை, அன்று தெற்கிலே பலர் கற்கவில்லை. வடக்கிலும் கிழக்கிலுங்கூடப் பலர் கற்கவில்லை.

1980ஆம் ஆண்டு இந்தச் சரித்திரத்தில் ஒரு திருப்பம். அவ்வாண்டு ஜூலையில் மாதம் 300 ரூபா சம்பள உயர்வு கோரி நடந்த பொது வேலைநிறுத்தத்தை ஜயவர்தன அரசாங்கம் ஈவிரக்கமின்றி நசுக்கியது. ஏறத்தாழ 40,000 பேர் வேலையிழந்தனர். அத்தியாவசிய பொதுச் சேவைகள் சட்டம் அதற்கு முந்திய ஆண்டிலேயே தயாராகிவிட்டது. அதே 1980இல் சந்தடியின்றி மற்றொரு காரியமும் நடந்தது. அதுவரை ஒன்றாயிருந்த தபால் தந்தித் திணைக்களம் இரண்டாகப் பிரிக்கப்பட்டது. தபால் ஒரு பக்கம், தொலைத்தொடர்பு மறு பக்கம்.

இந்தப் பிரிவினையின் விளைவைக் கூர்ந்து நோக்க வேண்டும். தொலைபேசி வளரும் தொழில். வருமானம் பெருகும் தொழில். அது 1991இல் கூட்டுத்தாபனமாகவும் 1996இற் கம்பனியாகவும் மாறியது. 1997இல் அதன் 35 சதவீதப் பங்கு ஜப்பானிய என்.டி.டி. நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. மிஞ்சியது கடிதம், அதாவது, பாணமை வரை ஆளனுப்பும் கடமை. பசு ஒருவர் பட்டிக்குப் போயிற்று. சாணம் அள்ளும் வேலை மற்றவருக்கு மிஞ்சிற்று. பிறகு அதே ஆட்சியாளர்கள் கணக்குப் புத்தகத்தை விரித்துக் காட்டி, ‘தபால் திணைக்களம் நட்டத்தில் ஓடுகிறது, நாடு எப்படித் தாங்கும்?’ என்று கேட்கின்றனர். வருமானம் தரும் உறுப்பை முதலில் வெட்டியெடுத்தவர் யார் என்று அந்தக் கணக்குப் புத்தகம் சொல்வதில்லை.

இந்தப் பின்னணியிலேதான் அண்மைக்கால வேலைநிறுத்தங்களை நோக்க வேண்டும். 2018 ஜூனில் தபால் ஊழியர் 16 நாட்கள் பணிப்பகிஷ்கரிப்புச் செய்தனர். 2006ஆம் ஆண்டின் 6ஆம் இலக்க அரசாங்க நிர்வாகச் சுற்றுநிருபத்தால் ஆட்சேர்ப்பிலும் சம்பளத்திலும் விளைந்த முரண்பாடுகளே காரணம். பன்னிரண்டு ஆண்டு பழைய குறை அது. நோன்புப் பெருநாள் வந்ததும் அந்த நாட்களுக்குள்ளேதான். பொறுப்பான அமைச்சர் அப்துல் ஹலீமும் ஒரு முஸ்லிமே. ஆனால் பெருநாட் காலத்திற் பையில் தேங்கிய கடிதத்துக்கு அமைச்சரின் மதம் ஆறுதல் தரவில்லை. ஊழியரின் குறையையும் அது தீர்த்துவிடவில்லை. வர்க்கப் பிரச்சினையைச் சமூகப் பிரதிநிதித்துவத்தால் மூடிவிட முடியாதென்பதற்கு வேறென்ன சான்று வேண்டும்?

2023 நவம்பரில் நடந்த 48 மணி நேர வேலைநிறுத்தத்துக்குச் சம்பளமே காரணமில்லை. நுவரெலியாவில் 1894இற் கட்டப்பட்ட செங்கற் தபாலகத்தை ஹோட்டல் முதலீட்டுக்குக் கொடுக்கும் திட்டத்தை எதிர்த்து ஊழியர் எழுந்தனர். கண்டித் தபாலகத்தைப் பற்றிய அச்சமும் அதனோடு சேர்ந்திருந்தது. ரணில் விக்கிரமசிங்க அரசாங்கம் உடனே தபாலை அத்தியாவசிய சேவையென வர்த்தமானியில் அறிவித்தது. எத்தனை விசித்திரம்! ஊழியர் வேலையை நிறுத்தினாற் சேவை அத்தியாவசியம். கட்டடத்தை விற்கும்போது அது அத்தியாவசியமன்று.

2025 ஓகஸ்டில் ஒரு வாரம் நடந்த வேலைநிறுத்தம் இடதுசாரிகளுக்குச் சங்கடமானது. ஆட்சியில் இருந்தது தேசிய மக்கள் சக்தி. 19 கோரிக்கைகளுள் கைவிரல் அடையாள இயந்திரமும் மேலதிக நேரக் கொடுப்பனவுமே மோதலின் மையமாயின. பொதுமக்களுட் பலர் அரசாங்கத்தின் பக்கமே நின்றனர். ‘நேரத்துக்கு வந்து போவதைப் பதிய ஏன் அஞ்ச வேண்டும்?’ என்ற கேள்வியைத் தள்ளிவிட முடியாது. பொதுப் பணத்திற் சம்பளம் பெறுபவர் பொதுமக்களுக்குக் கணக்குக் காட்டத்தான் வேண்டும். ஆனால் இயந்திரம் வாசலில் வந்து போகும் நேரத்தை அறியும். மழையிற் சேற்றுப் பாதையில் ஒரு பதிவுத் தபாலோடு நடந்த நேரத்தை அறியாது. எந்த உழைப்பை எப்படி அளப்பது என்பதை உழைப்பவரோடு பேசித் தீர்மானிக்க வேண்டும். உழைப்பாளரின் பெயரால் வந்த ஆட்சிக்கு அது இரட்டிப்புக் கடமை.

‘கைத்தொலைபேசிக் காலத்திற் கடிதம் எதற்கு?’ என்று நம் மாணவர்களே கேட்கின்றனர். நியாயமான கேள்வி. கடிதங்கள் குறைந்துவிட்டன என்பது உண்மை. டென்மார்க்கில் 2025 முடிவோடு அந்நாட்டுத் தபால் நிறுவனம் கடித விநியோகத்தையே நிறுத்திவிட்டது. ஒரு பென்னித் தபாலின் தாயகமான பிரித்தானியாவில், 2013இல் தபாற் சேவையின் பங்குகள் சந்தைக்கு விடப்பட்டன; 2025இல் அது ஒரு செக் நாட்டுக் கோடீசுவரரின் கம்பனிக்குப் போயிற்று. அதே ஆண்டில் இரண்டாந்தரக் கடிதங்களை ஒன்றுவிட்டொரு நாள் மட்டும் கொண்டுசென்றாற் போதுமென அனுமதியும் கிடைத்தது. நல்ல வீதியும் வங்கியும் கணினியும் வீட்டுக்கு வீடு உள்ள நாடுகள் அவை. அங்கேயே முதியோரும் கிராமத்தவரும் முறையிடுகின்றனர். 2004 டிசம்பர் 26இற் கடல் எழுந்து அறுகம்பைப் பாலத்தைச் சிதைத்து, பத்தாயிரத்துக்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோன மாவட்டம் நம்முடையது. இலாபக் கணக்கோடு வரும் கம்பனி கொழும்பிலும் கண்டியிலும் பொதிகளை ஓடி ஓடி விநியோகிக்கும். பொத்துவிலுக்குத் தனிக் கட்டணம் போடும். பாணமைக்கு வராமலே விடும். றோலண்ட் ஹிலுக்கு முந்திய உலகம் அது. தபால் மாறத்தான் வேண்டும். பொதிகளையும் கொடுப்பனவுகளையும் புதிய முறையில் ஏற்று நடத்தத்தான் வேண்டும். கேள்வியெல்லாம், கடைசி வீட்டையும் கணக்கிற் சேர்த்து அது மாறுமா, அல்லது கழித்துவிட்டு மாறுமா என்பதே.

இங்கே ஊழியரிடமும் நாம் ஒன்று கூற வேண்டும். ஓய்வூதியத்துக்காக வெயிலிற் காத்துநின்று வெறுங்கையோடு திரும்பும் முதிய விவசாயிக்கு, கதவு ஏன் பூட்டியிருக்கிறதென்று அவருடைய மொழியிற் சொல்ல யாரும் இல்லையெனில், அவர் வேலைநிறுத்தத்தை எப்படித் தம்முடையதென்று கொள்வார்? 1946இற் கல்கத்தா எழுந்தது தானாக நடந்ததன்று. தபாற்காரரின் வாழ்வு மக்களுக்குத் தெரிந்திருந்தது. சங்கங்கள் தங்கள் வழக்கை அமைச்சரிடம் வைப்பதற்கு முன் கடைசி உப தபாலகத்தின் வாசலில், சிங்களத்திலும் தமிழிலும் வைக்க வேண்டும். நம் பங்குக்கு, ஆசிரியரும் மாணவருமான நாம், பூட்டிய கதவைக் கண்டு எரிச்சலடைந்து திரும்பும் முன், உள்ளே என்ன நடக்கிறதென்று விசாரித்தறிந்து ஊராருக்குச் சொல்ல வேண்டும். முத்திரையின் விலையில் அடங்கியிருப்பது அந்த ஊழியரின் உழைப்பு. அது பொத்துவில் வரை ஒரே விலையாக இருப்பது நமது உரிமை. ஊழியரும் ஊராரும் சேர்ந்து காத்தாலன்றி இவ்விரண்டும் நிலைக்கமாட்டா.