அரை அங்குலச் செயின்

எங்க வீட்டு ஹெர்குலிஸ் சைக்கிளில் கம்பெனியிலிருந்து வந்ததென்று இன்று மிஞ்சியிருப்பது சட்டம் மட்டும்தான். செயின்வீல் அட்லஸ், ஃப்ரீவீல் லூதியானா சரக்கு, பெடலில் பேரே இல்லை. ஆனாலும் ஓடுது. டிராக்டரில் இப்படிக் கம்பெனி மாற்றிப் பல்சக்கரம் மாட்ட முடியாது. சைக்கிளில் முடிந்ததற்கு ஒரு பழைய கதை இருக்கு.

1880இல் மான்செஸ்டரில் ஹான்ஸ் ரெனால்ட் உருளை வைத்த செயினை உருவாக்கினார். 1885இல் கவென்ட்ரியில் ஜான் கெம்ப் ஸ்டார்லி, செயினால் பின்சக்கரத்தைச் சுழற்றும் ரோவர் சைக்கிளைக் கொண்டுவந்தார். முதலில் ஒரு அங்குலக் கண்ணிச் செயினும் புழங்கியது. பிறகு ஆணிக்கு ஆணி அரை அங்குலம் என்பதே நிலைத்தது. 1951இல் அம்பத்தூரில் ஹெர்குலிஸ், அதே வருஷம் சோனிபட்டில் அட்லஸ், 1956இல் லூதியானாவில் ஹீரோ. மூவரும் பிடித்துக்கொண்டது அந்த இங்கிலீஷ் அளவைத்தான். போட்டியெல்லாம் பேரிலும் பெயின்டிலும். சந்தைக்குப் போன ஊரில் ஃப்ரீவீல் போனால், அங்கே கிடைத்ததை மாட்டிக்கொண்டு பொழுது சாய வீடு வந்தார்கள்.

முரண்டு பிடிச்சது ராலே ஒண்ணுதான். பெடல் அச்சு உட்காரும் கப்பில் மற்றவர்களுக்கு அங்குலத்துக்கு 24 மரை. நாட்டிங்காம் ராலேவுக்கு 26. பார்க்க ஒரே மாதிரி இருக்கும். தெரியாமல் முறுக்கினால் சட்டத்தின் மரையே போச்சு.

மாற்றி மாட்டுவதில் கணக்கும் உண்டு. முன்னால் 44 பல், பின்னால் 18 என்றால், 28 அங்குலச் சக்கரத்தில் ஒரு மிதிக்கு ஏறக்குறைய ஐந்தரை மீட்டர் போகும். பின்னால் 22 போட்டால் நாலரைதான். வேகம் போச்சேன்னு தோணும். கேரியரில் நெல் மூட்டையோடு ஏரிக்கரை மேடு ஏறிப் பாருங்க, தொடை சொல்லும். (மறக்காமல் செயினில் கண்ணி சேர்க்கணும்.)

இப்போது வரும் கியர் சைக்கிளிலும் அதே அரை அங்குலம்தான். ஆனால் அகலம் குறைஞ்சுபோச்சு. எங்க பழைய பல்லின் தடிமனுக்கு எட்டில் ஒரு அங்குல அகலச் செயின் வேணும். இந்த ஒல்லிச் செயின் அதில் உட்காராது. டவுன் கடையில் பழைய அகலம் சொல்லிவைத்தால்தான் வருது. போன மாசம் ரெண்டு வாங்கி எண்ணெய்த் துணியில் சுத்தி வைத்திருக்கேன். தேய்ஞ்ச பல்லில் புதுச் செயின் நழுவும் என்பதால், கூடவே 22 பல் ஃப்ரீவீல் ஒண்ணு.