25 ஆண்டுகள் வாழ்ந்த ஓர் இலக்கணப் பிழை

ஒரு பகுப்பியின் பிழையைத் திருத்துவது, அந்தப் பகுப்பிக்குள் நுழைவது எது என்பதையும் திருத்துவதாகும். பாஷ் எனும் யூனிக்ஸ் ஷெல்லின் வரலாறு இதற்குச் சான்று.

1989-இல் பாஷில் ஒரு வசதி சேர்க்கப்பட்டது. ஒரு ஷெல்லில் வரையறுத்த செயற்கூறு, அதிலிருந்து தோன்றும் அடுத்த ஷெல்லுக்கும் கிடைக்க வேண்டும். அதற்காக அது சூழல் மாறியொன்றில் வெறும் உரையாக வைக்கப்பட்டது. புதிய ஷெல், அடைப்புக்குறிகளோடு தொடங்கும் மாறியைக் கண்டால் அதைச் செயற்கூறாக வாசித்தது. ஆனால் வரையறை முடிந்த இடத்தில் நிற்காமல், எஞ்சிய உரையையும் கட்டளையாக நிறைவேற்றியது.

அன்று அம்மாறிகளுக்கு மதிப்பளித்தவர் பெரும்பாலும் அக்கணினியின் பயனரே; ஆகவே எவரும் இதை உணரவில்லை. பின்னர் வலை வந்தது. சிஜிஐ முறையில் இயங்கிய சேவையகங்கள், முகமறியா அயலார் அனுப்பும் தலைப்புவரிகளைச் சூழல் மாறிகளில் இட்டன. 2014 செப்டம்பரில் ஸ்டெஃபான் ஷசெலாஸ் இவ்வழுவைக் கண்டறிந்தார். 24-ஆம் நாள் அது ‘ஷெல்ஷாக்’ என உலகறிந்தது; சில மணி நேரங்களிலேயே தாக்குதல்களும் தொடங்கின.

முதல் திருத்தம், வரையறைக்குப் பின் வரும் கட்டளைகளை மட்டும் தடுத்தது. பிழையான உரையைப் பகுப்பிக்கு ஊட்டி அதனையும் மீறலாம் என உடனே டேவிஸ் ஆர்மண்டி காட்டினார். ஃப்ளோரியன் வைமரின் வழி வேறு: சிறப்பு முன்னொட்டும் பின்னொட்டும் கொண்ட பெயருடைய மாறிகளை மட்டுமே செயற்கூறாக ஏற்பது. அயலாரின் தலைப்புவரிக்கு அப்பெயர் வாய்க்காது. அதன்பின் பகுப்பியில் வேறு பிழைகள் வெளிப்பட்டபோதும், அவ்வழியே அவற்றை எட்ட இயலவில்லை.