ஐஸ் ஹவுஸிலிருந்து காசிமேடு வரை: ஒரு மீனின் வயசு

மீனைக் ‘கெடாம வைக்கிறது’ன்னா என்ன? வயசாகறதைத் தள்ளிப்போடறதா, வயசை மறைக்கிறதா? வடசென்னை வரலாற்றுல இந்த ரெண்டும் இருக்கு.

1842-ல மெட்ராஸ் கடற்கரையில ஐஸ் ஹவுஸ் எழுந்தது. இப்போ அதுதான் விவேகானந்தர் இல்லம். அமெரிக்க வியாபாரி ஃபிரடெரிக் டியூடரோட கம்பெனி, மாசசூசெட்ஸ் ஏரிகள்ல வெட்டின பனிக்கட்டியைக் கப்பல்ல கொண்டுவந்து அங்கே சேமிச்சது. அது போனது துரைமாரோட கிளாசுக்கு. ராயபுரத்து மீனுக்கு இல்லை. மீனவர்கிட்ட இருந்தது உப்பும் வெயிலும்தான். விக்காதது கருவாடாச்சு.

மெஷின் ஐஸும் விசைப்படகும் சேர்ந்துதான் கதையை மாத்திச்சு. 1980-களில் காசிமேடு துறைமுகம் முழுசா இயங்க ஆரம்பிச்சது. ஒரு போட்டு பல நாள் கடல்ல தங்குதுன்னா, அடியில நிரப்பின உடைச்ச ஐஸ்தான் காரணம். 0 டிகிரி பக்கத்துல பாக்டீரியா மெதுவாகும், ஆனா நிக்காது. ஐஸ் சில நாள் அவகாசம் தருது, அவ்வளவுதான்.

ஃபார்மலின் அப்படி இல்லை. அது புரதங்களைப் பிணைச்சு சதையை விறைப்பாக்கும். விரலால அழுத்தினா பழைய மீனும் கெட்டியா இருக்கும். ஃபார்மால்டிஹைடு புற்றுநோய் உண்டாக்கும்னு உலக சுகாதார நிறுவனத்தோட ஆய்வு அமைப்பு 2004-ல வகைப்படுத்திச்சு. இந்தியாவுல உணவுல சேர்க்க அனுமதி இல்லை.

2018 ஜூன்ல கேரள எல்லைச் சோதனைச்சாவடிகள்ல ஃபார்மலின் கலந்த மீன் ஆயிரக்கணக்கான கிலோ பிடிபட்டது. அடுத்த மாசமே காசிமேடு, சிந்தாதிரிப்பேட்டை மீன் மேலயும் சந்தேகம் வந்தது. இதுல ஒரு சிக்கல்: சில மீன்கள்ல கொஞ்சம் ஃபார்மால்டிஹைடு இயல்பாவே உருவாகும். அதனால ‘இருக்கா’ன்னு கேட்டா போதாது, ‘எவ்வளவு’ன்னும் கேக்கணும். ஆனா பயத்துக்கு அந்தக் கணக்கெல்லாம் தெரியாது. காலையில கடன் வாங்கிக் கூடையில மீன் எடுக்கிற அம்மாவுக்கு, அன்னிக்கு விக்கலைன்னா நஷ்டம் அவங்களோடது.

“சரி, வேக்குவம் பேக்கெட் வாங்கிடலாமே?”ன்னு கேப்பீங்க. காற்றை எடுத்துட்டா வழக்கமா மீனைக் கெடுக்கிற பாக்டீரியா தளரும். ஆனா காற்றே தேவைப்படாத பொட்டுலினம் கிருமியோட ஒரு வகை, சுமார் 3 டிகிரிக்கு மேலேயே வளர்ந்து விஷம் உண்டாக்கும். நாத்தமே வராமப் போகலாம். ஆக, அந்த பேக்கெட்டும் ஐஸை நம்பித்தான் நிக்குது.

அதனால நான் வரலாற்றுலருந்து எடுத்துக்கிறது இதுதான்: ஐஸ் எங்கே மலிவாவும் நிறையவும் கிடைக்குதோ, அங்கே ஏமாத்தறதுக்கான தேவை குறையும். ஃபார்மலினைப் பிடிக்க சோதனை வேணும். கூடவே போட்டுல, லாரியில, கூடையில ஐஸும் வேணும். அந்தச் செலவு இப்போ யார் தலையில விழுதுன்னு அடுத்த தடவை பேரம் பேசும்போது யோசிங்க.