காளத்தி வழியில் ஒரு நாள்

திருப்பதிக்கு வரும் யாத்திரிகர்கள் காளஹஸ்திக்கு ஒதுக்கும் நேரம் பெரும்பாலும் அரைப்பொழுதுதான். இடையிலுள்ள தூரம் நாற்பது கிலோமீட்டருக்கும் குறைவு. பேருந்திலிருந்து இறங்கி, ராகு கேது பூஜை முடித்து, அடுத்த பேருந்தில் ஏறிவிடுகிறார்கள். இவ்வட்டாரத்திலேயே குடியிருக்கும் எங்களுக்கு அத்தகைய அவசரம் இல்லை. மார்கழியில் ஒரு நாள், மழை ஓய்ந்து சுவர்ணமுகி ஆற்றில் ஒரு சாண் நீர் மணலை நனைத்துக்கொண்டிருந்த காலத்தில், கட்டுச்சோற்று மூட்டையுடன் காலையிலேயே புறப்பட்டோம். அன்று கண்டவற்றை டில்லியிலும் மும்பையிலும் கல்கத்தாவிலும் வாழும் தமிழ் அன்பர்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம். தேவாரம் முகலி என்று போற்றும் ஆறு இதுவே.

முதலில் குடிமல்லம். ரேணிகுண்டாவைக் கடந்து, பாப்பாநாயுடுபேட்டை வழியாக வயல்களினூடே செல்லும் பாதை அங்கே கொண்டு சேர்க்கிறது. வெளியிலிருந்து பார்ப்பவர்க்கு அது சாதாரணமான ஒரு சிற்றூர்க் கோயில். பின்புறம் யானையின் முதுகுபோல் வளைந்த தூங்கானை மாடம் என்பது ஒன்றே கண்ணை நிறுத்தும். தரைமட்டத்திற்குத் தாழ அமைந்துள்ள கருவறையினுள் விளக்கொளியில் பார்த்தபோதுதான் எங்களுக்கு மூச்சு நின்றது. ஏறத்தாழ ஐந்தடி உயரமுள்ள அந்த லிங்கத்தின் முகப்பில் ஒரு வேடன் நிற்கிறான். வலக்கையில் ஆட்டுக்கடா ஒன்றைப் பின்னங்கால்களைப் பற்றித் தூக்கியிருக்கிறான், தோளில் பரசு, காலடியில் குனிந்திருக்கும் ஒரு குறள் உருவம். கிறிஸ்து பிறப்பதற்கு முந்தைய நூற்றாண்டுகளைச் சேர்ந்தது இது என்பது அறிஞர் பலரின் கருத்து. நமது நாட்டில் இன்றும் வழிபாட்டிலிருக்கும் லிங்கங்களுள் இதனினும் பழையது ஒன்றைச் சுட்டுவது அரிது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோபிநாத ராவ் இதனை ஆராய்ந்து எழுதிய பின்னரே உலகம் அறிந்தது. 1973-74-இல் தொல்பொருள் துறையினர் அகழ்ந்து பார்த்தனர்.

வேடனைக் கண்டவுடன் எங்களில் ஒருவர் கண்ணப்பர் பெயரைச் சொன்னார். காளத்தி மலையின் வேடராகிய கண்ணப்பரை இவ்வுருவத்தோடு இணைக்க மனம் விரைவது இயல்பே. ஆயினும் சேக்கிழார் பன்னிரண்டாம் நூற்றாண்டினர். இவ்வுருவமோ அவருக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் மூத்தது. இரண்டிற்கும் பாலம் கட்ட ஆசை இருக்கலாம், சான்று இல்லை. வேட்டுவக் குடிகளின் வழிபாடு இம்மண்ணில் மிகத் தொன்மையானது என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்வதே முறை.

பாப்பாநாயுடுபேட்டையைப் பற்றியும் ஒரு வார்த்தை. உருகிய கண்ணாடியை நீண்ட குழலாக இழுத்துத் துணித்து மணி செய்யும் முறை இங்கே வழங்கியதைச் சென்ற நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆராய்ச்சியாளர் பதிவு செய்தனர். புதுச்சேரி அருகிலுள்ள அரிக்கமேட்டில் பண்டை வணிகர்க்காக மணி செய்த முறையும் இவ்வகையினதே.

நண்பகலில் தொண்டமநாட்டை அடைந்தோம். இப்பெயர் தொண்டைமானாற்றூர் என்பதன் திரிபு. பல்லவன் அபராஜிதனை வென்று தொண்டை நாட்டைச் சோழர்க்கு ஆக்கிய முதலாம் ஆதித்தன், கி.பி. 907-ஐ ஒட்டி உயிர் நீத்தது இவ்விடத்தில்தான். தொண்டைமானாற்றூர்த் துஞ்சிய உடையார் என்றே அவனைக் கல்வெட்டுகள் குறிக்கின்றன. காவிரியின் இரு கரையிலும், மலை முதல் கடல் வரை, சிவாலயங்கள் எடுப்பித்தவன் என்று அன்பில் செப்பேடு புகழும் அரசன், தன் ஆற்றை விட்டு இத்துணைத் தொலைவில் கண் மூடினான். மகன் முதலாம் பராந்தகன் தந்தைக்கு இங்கே பள்ளிப்படை எடுத்தான். ஆதித்தேச்சுரம் என்றும் கோதண்டராமேச்சுரம் என்றும் அதற்குப் பெயர். விழா நாட்களில் ஆயிரம் பேருக்கு, பல சமயத்தாரையும் உள்ளிட்டு, உணவளிக்க அங்கே ஏற்பாடு செய்யப்பட்டிருந்தது.

அந்தக் கற்சுவரின் அருகே நாங்கள் எழுத்துக் கூட்டிக்கொண்டிருந்ததைக் கண்டு, ஆடு மேய்க்க வந்த சிறுவன் ஒருவன் அருகில் வந்து நின்றான். கல்லில் இருப்பது என்ன பாஷை என்று தெலுங்கில் கேட்டான். தமிழ் என்றோம். படித்துக் காட்டுங்கள் என்றான். நான்கைந்து எழுத்துகளுக்கு மேல் எங்களுக்கு ஓடவில்லை, வெட்கமாகத்தான் இருந்தது. இந்நாடு இன்று ஆந்திரத்தில் இருக்கிறதே என்று ஏங்கும் தமிழர் சிலரை நாங்கள் அறிவோம். காளஹஸ்தி 1911 வரை வட ஆற்காடு மாவட்டத்தைச் சேர்ந்தது. பின் சித்தூர் மாவட்டம். 2022 முதல் திருப்பதி மாவட்டம். எல்லைகள் மாறிக்கொண்டேதான் வந்திருக்கின்றன. ஏங்குவதைவிட அந்த எழுத்தைப் படிக்கக் கற்பது பயனுடையது. அக்கோயிலில் இன்றும் விளக்கு எரிவது தெலுங்கு பேசும் அவ்வூராரின் எண்ணெயால் என்பதையும் மறக்கலாகாது.

மாலையில் காளஹஸ்தி. சிலந்தி, பாம்பு, யானை ஆகிய மூன்றும் வழிபட்ட கதையை அன்பர்கள் அறிவர். ஊரின் பெயரே அதுதான். வாயுத் தலமாகிய இக்கோயிலில் காற்றில்லாக் கருவறையில் அசைந்துகொண்டே இருக்கும் தீபத்தையும் கண்டிருப்பீர்கள். கோயிலில் சோழர் பணியும் உண்டு, விஜயநகரத்தார் பணியும் உண்டு. கிருஷ்ணதேவராயர் 1516-இல் எடுப்பித்த ஏழுநிலைக் கோபுரம் 2010 மே 26 இரவு இடிந்து விழுந்தது. முன்னரே வெடிப்புக் கண்டிருந்ததால் மக்களை அகற்றியிருந்தனர், உயிர்கள் தப்பின. அக்கோபுரத்தை நாங்கள் நாள்தோறும் பார்த்தவர்கள். அதே இடத்தில் எழுப்பிய புதிய கோபுரத்திற்கு 2017-இல் குடமுழுக்கு நடந்தது. அழகாகவே இருக்கிறது. ஆயினும் அண்ணாந்து பார்க்கும்போதெல்லாம் பழையதே எங்கள் கண்ணில் நிற்கிறது.

சென்னைக்கும் இவ்வூருக்கும் ஓர் உறவு உண்டு. 1639-இல் ஆங்கிலக் கம்பெனிக்குக் கடற்கரையில் கோட்டை கட்ட இடம் தந்த தாமர்ல வெங்கடப்ப நாயக்கரின் குடும்பம் காளஹஸ்தியோடு தொடர்புடையது. அவர் தந்தை சென்னப்ப நாயக்கர் பெயராலேயே சென்னப்பட்டணம் வழங்கிற்று.

இருட்டுமுன் கலம்காரி எழுதுவோர் வீடொன்றில் சற்று அமர்ந்தோம். கடுக்காயும் பாலும் ஊட்டிய துணி, மூங்கில் எழுதுகோல், இரும்பும் வெல்லமும் ஊறவைத்து எடுத்த கறுப்பு மை. கோல் துணியில் தொட்டவுடன் மை உறிஞ்சப்படுவதால் கோட்டை அழித்துத் திருத்த இயலாது. ஏறக்குறைய அழிந்துபோன இக்கலைக்கு 1950-களின் இறுதியில் இங்கே பயிற்சி நிலையம் ஏற்பட்டது. முயன்றவர் கமலாதேவி சட்டோபாத்தியாயர்.

மலைப்படியில் அமர்ந்து மீதிச் சோற்றை உண்டபோது சம்பந்தர் பேச்சு வந்தது. கேதாரம், கோகர்ணம், ஸ்ரீசைலம் முதலிய தலங்களை அவர் காளத்தியில் இருந்தபடியே பாடினார் என்கிறது பெரியபுராணம். அப்பால் தமிழ் வழங்காத நாடு என்பதே காரணம் என்பர். அப்பரோ இங்கிருந்து கயிலையை நோக்கி வடக்கே நடந்து, காசியையும் கடந்து சென்றார். நீங்கள் அப்பர் வழியில் போனவர்கள், நாங்கள் சம்பந்தரைப்போல் இங்கேயே தங்கிவிட்டவர்கள் என்று எங்களில் மூத்தவர் சிரித்துக்கொண்டே சொன்னார். கீழே ஆற்றுமணலில் பிள்ளைகள் ஊற்றுத் தோண்டிக்கொண்டிருந்தனர். எட்டு மணிப் பேருந்துக்கு இன்னும் நேரம் இருந்தது.