அரிசிப்பல்

விதைநெல் முளைப்பதற்கும் குழந்தையின் ஈறுகளில் பல் தோன்றுவதற்கும் முளைத்தல் என்னும் ஒரே வினைச்சொல்லைத் தமிழ் வழங்குகிறது. அம்முளையின் வெண்மையையும் சிறுமையையும் கண்டு அதற்கு அரிசிப்பல் என்று பெயரிட்டவர்கள், நெல்லோடு பிறந்து நெல்லோடு வாழ்ந்த வீடுகளின் தாய்மார்களாகவே இருந்திருக்க வேண்டும். குறுவை, சம்பா, தாளடி என்று ஆண்டையே நெல்லின் பருவங்களால் அளந்த தஞ்சைச் சீமையில், குழந்தையின் வளர்ச்சியும் அரிசியாலேயே அளக்கப்பட்டது. தொட்டிலிடும் நாளில் காப்பரிசி. ஆறாம் மாதத்தை ஒட்டி அன்னப்பிராசனம். பல் முளைத்தால் அரிசிமாவுக் கொழுக்கட்டை.

இவற்றுள் பல்லுக்கு உரிய கொண்டாட்டம் தனிக் கவனத்துக்கு உரியது. இரண்டாம் குலோத்துங்க சோழன்மீது ஒட்டக்கூத்தர் 12-ஆம் நூற்றாண்டில் பாடிய பிள்ளைத்தமிழ் முதலாக, புள்ளிருக்குவேளூர் என்னும் வைத்தீசுவரன்கோயிலில் எழுந்தருளியுள்ள முத்துக்குமாரசுவாமிமீது 17-ஆம் நூற்றாண்டில் குமரகுருபரர் பாடிய பிள்ளைத்தமிழ் வரையில், புலவர்கள் குழந்தைப் பருவத்தைப் பத்தாக வகுத்துப் பாடியிருக்கிறார்கள். தலை நிமிர்த்தி ஆடுவதற்குச் செங்கீரை உண்டு. கை கொட்டுவதற்குச் சப்பாணி உண்டு. தளர்நடையிட்டு வருவதற்கு வாரானை உண்டு. ஆனால் பல் முளைப்பதற்கென்று அந்தப் பத்தில் ஒரு பருவம் இல்லை. புலவர்கள் விட்டுவிட்ட அந்தப் பருவத்தை வீட்டுப் பெண்கள் தங்கள் அடுக்களையில் ஏற்றுக் கொண்டாடினார்கள்.

பச்சரிசியை ஊறவைத்து இடித்துச் சலித்த மாவை வெந்நீர் விட்டுப் பிசைந்து, விரல் நுனியளவாக உருட்டி, ஆவியில் வேகவைத்து, வெல்லமும் தேங்காயும் சேர்த்து எடுப்பது பல்லுக் கொழுக்கட்டை. குழந்தையை மணையில் உட்காரவைத்து, தலைக்கு மேல் துணி பிடித்து, அதன்மேல் கொழுக்கட்டைகளைச் சொரிவார்கள். அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் போட்டியிட்டுப் பொறுக்குவார்கள். கடல் கடந்த யாழ்ப்பாணத்திலும் இந்தச் சம்பிரதாயம் உயிரோடு இருக்கிறது. அங்கே கொழுக்கட்டையின் விளிம்பில் தேங்காய்ச் சொட்டுகளைப் பற்களைப்போலப் பதிப்பதும் உண்டு. மேல்வரிசைப் பல் முதலில் முளைத்தால் தாய்மாமனுக்கு ஆகாது என்று அஞ்சியவர்களும் இருந்தார்கள். பெரும்பாலும் கீழ்வரிசை நடுப்பற்களே முந்தும் என்றாலும், இவ்வரிசை சில குழந்தைகளுக்கு இயற்கையாகவே மாறும் என்பதால் அந்த அச்சத்துக்கு ஆதாரம் ஏதும் இல்லை. ஆயினும் ஊரார் அத்தனை பேரும் ஒரு சிசுவின் வாயைத் திறந்து பார்த்து மகிழ்ந்த நாள் அது என்பதை மறந்துவிடலாகாது.

பல் முளைக்கும் காலத்தின் உபாதைகளுக்கு வீட்டில் மருந்தும் இருந்தது. வசம்பு, கடுக்காய், மாசிக்காய், ஜாதிக்காய், சுக்கு முதலியவற்றைக் கல்லில் உரைத்துத் தாய்ப்பாலில் கலந்து புகட்டும் உரைமருந்தும், ஈறு நமைச்சலில் கையில் அகப்பட்டதையெல்லாம் வாயில் வைக்கும் பிள்ளைக்குக் கடிக்கக் கொடுத்த மரப்பாச்சியும் தலைமுறை தலைமுறையாக வந்தவை. தஞ்சையை 1798 முதல் 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோஜி மன்னர் தம் தன்வந்திரி மகாலில் நம் நாட்டு வைத்தியர்களையும் மேலைநாட்டு முறை அறிந்தவர்களையும் ஒருங்கே வைத்து மருந்துகளைப் பரிசோதிக்கச் செய்தார். அவ்வாறு தேர்ந்த முறைகள் செய்யுளாக்கப்பட்டுச் சரபேந்திர வைத்திய முறைகள் என்னும் பெயரால் சரசுவதி மகால் நூல்நிலையத்தின் வழியாக நமக்குக் கிடைத்திருக்கின்றன. கர்ப்பிணிகளுக்கும் பாலர்களுக்கும் உரிய சிகிச்சை அவற்றுள் ஒரு தனிப் பகுதி. தாயையும் சேயையும் ஒரே பகுதியில் வைத்த அந்த முறை போற்றத்தக்கது. ஏனெனில் பாற்பல்லின் கடினப் பகுதி உருவாகத் தொடங்குவது கருவிலேயே ஆகும். வயலில் தெளிப்பதற்கு முன்பே விதைநெல்லை ஊறவைத்து மூட்டம் போட்டு முளைகட்டும் உழவனுக்கு இது வியப்பாக இராது.

சாத்திர நூல்களும் பல் முளைக்கும் உபாதைகளைப் பற்றிப் பேசாமல் இல்லை. பல் முளைத்தலைப் பல நோய்களுக்குக் காரணமாகச் சொன்ன வாக்படரின் ஆயுர்வேத நூலாகிய அஷ்டாங்க ஹிருதயம், அதே இடத்தில், அவ்வுபாதைகள் பல் வெளிவந்ததும் தாமே தணிந்துவிடுமாதலால் குழந்தையைக் கடுமையான சிகிச்சைகளால் வருத்த வேண்டாம் என்றும் அறிவுறுத்துகிறது. இந்த நிதானம் உலகத்தில் எல்லா இடத்திலும் இருக்கவில்லை. ஐரோப்பாவில் 16-ஆம் நூற்றாண்டு தொடங்கி நெடுங்காலம் சிசுக்களின் ஈறுகளைக் கத்தியால் கீறிவிட்டார்கள். 20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரையில் பாதரசம் சேர்ந்த பொடிகளைப் பல் முளைப்பதற்கு மருந்தென்று ஊட்டினார்கள். கையும் காலும் சிவந்து குழந்தைகள் துன்புற்ற பிறகே அவை கைவிடப்பட்டன. அஷ்டாங்க ஹிருதயம் ஈறில் தடவச் சொன்ன திப்பிலிப் பொடியில் தேன் சேர்வதால், அதையும் ஒரு வயது நிறையாத குழந்தைக்கு இன்று நாம் கொடுக்கலாகாது. தேனில் அரிதாக இருக்கக்கூடிய நுண்கிருமி அவ்வயதில் பேராபத்தாகும். கடும் சுரத்தையும் பேதியையும் பல்லின்மீது பழிபோட்டுவிட்டுக் காத்திருப்பதும் தவறே. எச்சில் ஒழுகுவதும் ஈறு நமைப்பதும் பல்லால் வரும், கடும் சுரம் வேறு நோயால் வரும்.

அரிசி பிறந்த நெல்லே பல் துலக்கவும் உதவியது. உமியைக் கருக்கிய உமிக்கரியே டெல்டாக் கிராமங்களில் பல்பொடியாக நெடுங்காலம் வழங்கியது. நெல்லுமியை எரித்தால் எஞ்சும் சாம்பலில் பெரும்பகுதி மணலில் உள்ள சிலிக்காவேயாதலால், அது கறையை நீக்கும்போதே பல்லின் மேற்பூச்சையும் தேய்த்துவிடும். பெரியவர்களின் பல்லைவிட மெல்லிய பூச்சுடைய பாற்பல்லுக்கு அது ஏற்றதன்று.

நம் வழக்கத்தின் பெரிய குறை ஒன்று இங்கேதான் தெரிகிறது. முளைத்த அன்று ஊரைக் கூட்டிக் கொண்டாடிய பல்லை, ஆறேழு ஆண்டுகள் கழித்துச் சாணியில் பொதிந்து கூரைமேல் எறிகிற நாள் வரையில், எப்படியும் விழப்போகிற பல்தானே என்று நாம் கவனியாமல் விட்டுவிட்டோம். மொத்தம் 20 பாற்பற்களும் ஏறக்குறைய மூன்று வயதுக்குள் முளைத்து நிறைவுற்று, அவற்றின் அடியில் வளரும் நிலைப்பற்களுக்கு உரிய ஸ்தானத்தைக் காத்து நிற்கின்றன. ஒன்று சொத்தையாகி அகாலத்தில் வீழ்ந்தால், பக்கத்துப் பல் சாய்ந்து அவ்விடத்தை அடைத்துக்கொள்ள, பின்னால் வருவது கோணலாகிறது. இரவு முழுதும் சர்க்கரைப் பால் புட்டியை வாயில் வைத்தபடியே உறங்கும் பிள்ளைக்கு இந்தக் கேடு விரைந்து வருகிறது.

நாற்றங்கால் என்பது சில வாரங்களில் பறிக்கப்படப் போகிறதுதான். ஆயினும் பறிக்கப் போகிற நாற்றுதானே என்று அதற்குத் தண்ணீர் கட்டாமல் விட்ட உழவன் ஒருவன் காவிரிப் பாசனத்தில் உண்டா? பல் வருமுன்பே ஈறுகளை ஈரத்துணியால் துடைத்துவிட்டு, முதற்பல் தெரிந்ததும் மெல்லிய தூரிகையால் காலையும் இரவும் துலக்கிவிடுதல், நாற்றங்காலைப் பேணும் உழவனின் அறிவைப் பிள்ளையின் வாய்க்குள் கொண்டுவருவதேயாகும். மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு ஃபுளோரைடு பற்பசை எவ்வளவு போதும் என்பதற்கு அமெரிக்கப் பல்மருத்துவச் சங்கம் 2014-இல் விதித்த அளவு ஓர் அரிசிமணி. அரிசிப்பல் என்று பெயரிட்ட நம் பாட்டிமாருக்கு அந்த அளவைத் தனியே கற்பிக்க வேண்டியிராது.