சிலுவையும் தந்ததாதுவும்: கோணப்பு பண்டாரவை எப்படி வாசிக்கிறது?

கிறிஸ்தவ வீர அரசன் என்டதும் நமக்கு ஞாபகம் வாறது இங்கிலாந்தின் ரிச்சர்ட்தான். குதிரை, சிலுவை போட்ட கேடயம், ஜெருசலேம். ஆனா திருமுழுக்கு வாங்கி, ஒரு கிறிஸ்தவ வீரனின்ட பெயரையே தன் பெயராக்கி, வாளால அரியணை ஏறின ஒருத்தன் இலங்கையிலயும் இருந்தான். அவன்ட கதையின் முக்கியமான ஒரு பகுதி நம்மட கிழக்குக் கரையிலதான் நடந்தது.

பெயர் கோணப்பு பண்டார. அவன்ட தகப்பன் வீரசுந்தர பண்டாரவைக் கொல்வித்தவன் சீதாவக்கையின் முதலாம் இராஜசிங்கன். மகன் கொழும்புக்கு ஓடிப்போய் போர்த்துக்கேயரிடம் அடைக்கலம் கேட்டான். அங்க திருமுழுக்கோட கிடைச்ச பெயர் தொன் ஜுவான் ஒஸ்திரியா. 1571இல் லெபாந்தோ கடற்போரில் ஒஸ்மானியரைத் தோற்கடித்த தளபதியின் பெயர் அது. அகதியா வந்த ஒரு இளைஞனுக்கு ஐரோப்பாவின் மிகப் பெரிய கிறிஸ்தவ வீரனின் பெயர்! போர்த்துக்கேயர் அவனிடம் என்ன எதிர்பார்த்தார்கள் என்பது இதிலேயே தெரியும்.

1590களின் தொடக்கத்தில், கண்டி அரச குடும்பத்தைச் சேர்ந்த தொன் பிலிப்பை அரியணையில் ஏற்றப் போர்த்துக்கேயர் அனுப்பிய படையோட கோணப்புவும் மலை ஏறினான். கொஞ்ச நாளில் பிலிப் இறந்துபோனான். நஞ்சு என்ற சந்தேகம் அப்பவே எழுந்தது. கோணப்பு போர்த்துக்கேயரை வெளியேற்றி, விமலதர்மசூரியன் என்ற பெயரில் அரசனானான்.

போர்த்துக்கேயரின் பதில் 1594இல் வந்தது. தளபதி பேரோ லோபெஸ் தெ சூசா பெரும்படையோட கண்டிக்குப் போனார். கூடவே குசுமாசன தேவியையும் கொண்டுபோனார்கள். கண்டியின் முன்னைய அரசன் கரலியத்த பண்டாரவின் மகள் அவள். போர்த்துக்கேயரின் பாதுகாப்பில் மன்னாரில் வளர்ந்தவள். திருமுழுக்குப் பெயர் தோன கத்தரீனா. அரியணைக்கு உண்மையான உரிமை அவளுக்குத்தான் இருந்தது. ஆனா போர்த்துக்கேயரின் பக்கம் நின்ற ஜயவீர பண்டார மேல் சந்தேகம் வந்து, அவர்களே அவனைக் கொன்றார்கள். அந்தச் சந்தேகத்தைக் கிளப்பினது கோணப்பு எழுதின கடிதம் என்டு சொல்லப்படுது. அதோட உள்ளூர் லஸ்கரின் வீரர்கள் விலகிப் போயிட்டாங்க. ஒக்டோபரில் தந்துறையில் போர்த்துக்கேயப் படை முழுசா அழிஞ்சது. வென்றவன் குசுமாசன தேவியை மணந்தான். அவள்ட விருப்பத்தை யாரும் கேட்டதாத் தெரியல்ல.

இனி அவன் பௌத்த அரசன். தெல்கமுவையில் இருந்து புனித தந்ததாதுவைக் கண்டிக்குக் கொண்டுவந்து மாளிகை கட்டினான். அறுந்துபோயிருந்த உபசம்பதாவைத் திரும்பத் தொடங்க அரக்கானில் இருந்து பிக்குகளை வரவழைத்தான். சிலர் இதை வைத்து ‘மனம் திரும்பினவன்’ என்பார்கள், சிலர் ‘துரோகி’ என்பார்கள். இரண்டும் அவசரத் தீர்ப்பு. தந்ததாது யாரிடம் இருக்கோ அவனுக்கே ஆளும் உரிமை என்ற நம்பிக்கை இருந்த நாடு இது. பிறப்பால் அரியணை உரிமை இல்லாத ஒருத்தனுக்கு அது எவ்வளவு தேவைப்பட்டிருக்கும் என்டு யோசிச்சுப் பாருங்க.

1602இல் மட்டக்களப்பில் இறங்கிய ஒல்லாந்தக் கடற்தளபதி யோரிஸ் வான் ஸ்பில்பேர்கன் கண்டிக்குப் போய் அவனைச் சந்தித்தார். அந்தப் பயணக் குறிப்புகளில் ஒரு விசயம் இருக்கு. அரசன் போர்த்துக்கேய மொழி பேசினான், அரசியும் பிள்ளைகளும் கிறிஸ்தவ முறையில் உடுத்தியிருந்தார்கள். தலதா மாளிகை கட்டினவன்ட வீட்டுக்குள்ள மன்னார் இன்னும் உயிரோட இருந்திருக்கு. ஒல்லாந்தர் இங்க கோட்டை கட்ட விரும்பினால், தானும் மனைவி பிள்ளைகளும் தோளில் கல் சுமப்போம் என்டும் அவன் சொன்னானாம்.

அடுத்த வருடமே அந்த உறவு இரத்தத்தில் முடிஞ்சது. செபால்ட் தெ வீர்ட் என்ற ஒல்லாந்தத் தளபதி மட்டக்களப்புக் கடலில் பிடித்த போர்த்துக்கேயக் கப்பல்களில் இருந்தவர்களை விடுவித்ததும் அரசனுக்குக் கோபம். வாக்குவாதத்தில் தெ வீர்ட்டும் கூட வந்தவர்களும் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். 1604இல் அரசனும் இறந்தான்.

அவனுக்குப் பிறகு செனரத் அரசனாகி, அதே குசுமாசன தேவியை மணந்தான். 1626இல் போர்த்துக்கேயர் தங்கள் பகுதிகளில் இருந்து துரத்திய முஸ்லிம்களில் சுமார் 4,000 பேரைக் கிழக்கில் குடியேற அனுமதித்தவன் இந்தச் செனரத். அதற்கு முதலே இந்தக் கரையில் முஸ்லிம்கள் இருந்தார்கள்தான், ஆனா கல்முனைப் பக்கத்து வரலாற்றைப் பேசும்போது இதை விட்டுட்டுப் பேச ஏலாது.

அதனாலதான் இந்தக் கதை வெறும் கண்டிக் கதை இல்ல. பௌத்த அரசு, கிறிஸ்தவ அரசி, முஸ்லிம் குடிகள், தமிழ்க் கரையோரம் எல்லாம் ஒரே தலைமுறைக்குள்ள ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கு. இண்டைக்கு ஒவ்வொரு சமூகமும் அந்தக் காலத்தில இருந்து தனக்கு வேண்டிய இழையை மட்டும் உருவி எடுத்து, ‘இது எங்கட வரலாறு’ என்டு சொல்லுது. கோணப்புவை முழுசா வாசிச்சா அப்படி உருவுறது லேசில்ல. அவனை வீரன் என்டு கொண்டாடுறதுக்கும் துரோகி என்டு ஏசுறதுக்கும் முதல், கத்தரீனாவின் பக்கத்தில இருந்து ஒருதரம் இந்தக் கதையைச் சொல்லிப் பாருங்க. இரண்டு அரசர்களுக்கு உரிமை தந்தவள், ஒரு நாளும் தானா ஆளாதவள்.